ஒரு சாண் தூரம்

"இன்றைக்கு எந்த நிறம்?" என்று யோகா கேட்டால் ரெக்ஸ் ஹாலரன் உடனே பதில் சொல்லிவிடமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். வெளியே மழையா வெயிலா என்று கேட்பார். மத்தியானம் என்ன சாப்பாடு, எந்த மேசையில் யாருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்போகிறாய் என்றெல்லாம் விசாரிப்பார். பிறகுதான், கூறைப்புடவை எடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரைப்போல, அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்வார். மொத்தம் பதினொரு காற்சட்டைகள். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, செவ்விளநீர் நிறத்தில் ஒன்று, சங்கு வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடிய ஒன்று. எல்லாம் அவருடைய இடுப்பு இருந்த இடத்தில் இருந்த காலத்தில் தைத்தவை. யோகாதான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கத் தையலைப் பிரித்து, இழுபட நாடா வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள்.

தொண்ணூற்று மூன்று வயது. எழுந்து நிற்கமுடியாது. நிற்கமுடியாதவருக்குக் காற்சட்டை போடுவதென்றால் கட்டிலில் இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் உருட்டவேண்டும். பிறகு காலுக்குச் சப்பாத்து. காற்சட்டைக்கும் சப்பாத்துக்கும் நிறம் பொருந்தாவிட்டால் அன்று முழுக்க முகம் தூக்கிவைத்த மாதிரியே இருக்கும். பரமட்டாவுக்குப் பக்கத்திலிருந்த அந்த முதியோர் இல்லத்தில் ஓர் ஆளை எழுப்பிக் கழுவி உடுப்பாட்டப் பன்னிரண்டு நிமிடம் என்று விதி. ரெக்ஸுக்கு நாற்பது நிமிடம் போகும். அதற்காகவே யோகா அரைமணி நேரம் முன்னதாக வந்துவிடுவாள். வீட்டில் அவளை மினக்கெடுத்த ஒருவரும் இல்லை.

"உனக்கு நிறமே கிடையாதா, யோகா?" என்பார் அவர். "கடல்நீலச் சீருடை. கறுப்புச் சப்பாத்து. ஒரு தோடாவது சிவப்பில் போடக்கூடாதா? உன்னைப் பார்த்தால் மழைக்காலத் தபால்காரி மாதிரி இருக்கிறது."

யோகா சிரித்துவிட்டு அவருடைய காலுறையை இழுத்துவிடுவாள்.

ஒரு காலத்தில் இந்த மனிதரைப் பார்க்கவே சனம் திரண்டது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். சுவரில் படங்கள் இருந்தன. கோல்ஃப் திடலுக்குக் கூரையில்லாத காரில் வந்து இறங்குவாராம். பந்து குழிக்குள் விழுந்தால் மட்டைக்கு முத்தம் கொடுப்பாராம், சில சமயம் முன்வரிசையில் நிற்கும் பெண்களுக்கும். பத்திரிகைக்காரர்கள் 'டெக்னிக்கலர் ரெக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மூன்று கல்யாணம். மூன்று பெண்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருத்தி உலகத்தை விட்டு, மற்ற இருவர் இவரை விட்டு. குயின்ஸ்லாந்தில் ஒரு மகன் இருந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு அவனிடமிருந்து ஒரு பூங்கொத்து வரும். அதைக் கொண்டுவருகிற கடைக்காரப் பையனுக்கு ரெக்ஸ் அரைமணி நேரம் கதை சொல்வார்.

அந்தச் சனிக்கிழமை அவருக்குப் பெரிய நாள். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அவர் கோப்பை வென்ற அதே கோல்ஃப் கிளப், புதிதாகக் கட்டிய சாப்பாட்டு மண்டபத்துக்கு அவருடைய பெயரை வைக்கப்போகிறது. படம் திறப்பார்கள். அவர் இரண்டு வார்த்தை பேசவேண்டும். வாசலில் இருக்கும் சின்னப் புற்றரையில் சக்கரக் கதிரையில் இருந்தபடியே ஒரு பந்தைத் தட்டிக் குழிக்குள் விழுத்தவேண்டும். மகன் வரவில்லை. துணைக்கு யோகா போவதென்று முடிவாயிற்று. மனேஜர் ஜூலி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவருடைய கோப்பில் மறதி ஆரம்பம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், தெரியும்தானே? ஏதாவது ஏறுக்குமாறாகப் பேசினால், களைத்துவிட்டார் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிடு." யோகா சரி என்றாள். மனேஜர் சொன்னால் அவள் எப்போதும் சரி என்றுதான் சொல்வாள்.

ஒத்திகை நடைபாதைக் கம்பளத்தில் நடந்தது. மருந்துக்குத் தண்ணீர் கொடுக்கிற பிளாஸ்டிக் கோப்பையை யோகா சாய்த்து வைப்பாள். ரெக்ஸ் கதிரையின் பக்கவாட்டில் குனிந்து, நடுங்குகிற இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்துத் தட்டுவார். பந்து ஒரு நாள் இடப்பக்கம் போகும், ஒரு நாள் வலப்பக்கம் போகும், பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடும். திங்கள் இருபது தரம் தட்டினார். செவ்வாய் முப்பது தரம். ஒன்றும் விழவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிடவும் இல்லை.

புதன்கிழமை ஒரு பந்து நேராகப் போனது. கோப்பைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அந்த நேரம் பார்த்து ரெக்ஸ் தும்மினார். கைக்குட்டையைத் தேடித் தலையைத் திருப்பினார். யோகா யோசிக்கவே இல்லை. இடக்காலின் நுனியால் பந்தை மெல்லத் தள்ளினாள். அது உள்ளே போனது.

"விழுந்துவிட்டது, மிஸ்டர் ரெக்ஸ்!" என்று கைதட்டினாள். சாப்பிட மறுக்கும் கிழவிக்கு, இன்னும் ஒரே ஒரு வாய்தான் என்று சொல்லி ஐந்து வாய் ஊட்டுகிறவள் அவள். மகள் வராத தாயை, நாளைக்கு வருகிறாளாம் என்று சொல்லித் தூங்க வைப்பவள். அவளுடைய வேலையில் இதெல்லாம் பொய்க் கணக்கில் சேராது.

ரெக்ஸ் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நல்லது," என்றார். பின்னேரம் அவள் தேநீர் கொண்டுபோனபோது கதவைச் சாத்தச் சொன்னார்.

"இடது சப்பாத்து," என்றார்.

யோகாவுக்கு முகம் சுட்டது. "நீங்கள் திரும்பியிருந்தீர்கள்..."

"எழுபது வருடம் பந்து நிற்பதைப் பார்த்தவன் நான். நின்ற பந்து நின்றதுதான். அதற்குக் கால் முளைக்காது." கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "மிக்கும் இடக்காலால்தான் தள்ளினான்."

அவருடைய மட்டைப்பையைச் சுமந்து நடந்த ஆள் மிக். ஐம்பத்தொன்பதில், கடைசி நாள், பதினேழாவது குழி. ரெக்ஸின் பந்து யூக்கலிப்டஸ் மரத்தடியில் நீட்டுப் புல்லுக்குள் வேரோடு ஒட்டிக் கிடந்தது. அடிக்கவே முடியாது. ரெக்ஸ் வியர்வை துடைக்கத் துவாயை எடுத்தார். துவாயின் விளிம்பால் மிக்கின் சப்பாத்து அசைவதைப் பார்த்தார். பந்து ஒரு சாண் நகர்ந்து வெளிச்சத்துக்கு வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடித்தார். மொத்தக் கணக்கில் ஓர் அடி குறைவாக அடித்ததால் கோப்பை அவருக்கு.

"இரண்டாவதாக வந்தவன் நீல் பர்க். சாம்பல் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிற ஆள், வாய் திறக்கமாட்டான். கோல்ஃபில் உன் கணக்கை நீயே எழுத முடியாது, யோகா. கூட ஆடுகிறவன் எழுதுவான், நீ பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். என் கணக்கு அட்டையை நீல்தான் எழுதினான். சரியாகத்தான் எழுதினான். அவன் பார்த்ததை எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன்." தேநீர்க் கோப்பையை அவர் கையில் எடுக்கவே இல்லை. "அதற்குப் பிறகு அவன் ஒன்றும் வெல்லவில்லை. நான் இன்னும் பளபளப்பாக உடுத்த ஆரம்பித்தேன். சனம் காற்சட்டையைப் பார்க்கட்டும், முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று. நீல் செத்து முப்பது வருடம். மிக்கும் போய்விட்டான். சனிக்கிழமை நான் சொல்லப்போகிறேன். நான் செத்தபிறகு சொல்ல ஆள் இல்லை."

"சொல்லுங்கள்," என்றாள் யோகா.

"கிழவன் உளறுகிறான் என்பார்கள். அப்போது நீ சொல்லவேண்டும், எனக்கு மூளை தெளிவாக இருக்கிறது என்று. அது போதும். சொல்வாயா?"

சொல்வேன் என்றாள்.

வென்ட்வேர்த்வில்லில் ரயில் பாதையைப் பார்த்த ஒற்றை அறை வீடு அவளுடையது. வேலை முடிந்து வந்து குளித்து, சமையல் நடக்கிற குசினி மூலையில் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, கண்ணாடி பார்த்து நெற்றியில் குங்குமம் வைப்பாள். கொஞ்சம் பெரிய பொட்டு. அப்படியே சமைப்பாள், சாப்பிடுவாள், தொலைக்காட்சி பார்ப்பாள். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு வெளியே இறங்குவாள். பதினான்கு வருடமாக ஒருவரும் அந்தப் பொட்டைப் பார்த்ததில்லை.

ஊரில் போர் முடிந்தபோது, அவளுடைய கணவன் தயாபரனை ராணுவச் சோதனைச்சாவடி ஒன்றில் மற்ற ஆண்களோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் வளைவில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். படகேறி, கிறிஸ்மஸ் தீவில் கிடந்து, வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, கூட இருந்த கலா அக்கா அறிவுரை சொன்னாள்: "காணேல்லை எண்டு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். எங்க போனவர், ஆரோட போனவர், இயக்கத்தில இருந்தவரோ எண்டு தொளைச்செடுப்பாங்கள். செத்திட்டார் எண்டு சொல்லு. கேள்வி முடிஞ்சிடும்." நல்ல மனசோடுதான் சொன்னாள். அடுத்த நாள் விசாரணையில் அதிகாரி, கணவர் இறந்துவிட்டாரா என்று கேட்டார். யோகா "யெஸ்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

கலா அக்கா சொன்னது போலவே கேள்வி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தயாபரனைப் பற்றி இந்த நாட்டில் ஒருவரும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காணாமல் போனவர்களின் பெயரைப் பதிகிறார்கள் என்று ஊரிலிருந்து செய்தி வரும்போதெல்லாம், பதிந்தால் அவள் சொன்ன பொய்யை இங்கே கண்டுபிடித்துக் கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டாள். கோயிலில் சுமங்கலிப் பெண்களுக்குக் குங்குமம் கொடுக்கும்போது தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வாள். தன் கையால் எழுதிக்கொடுத்ததை மீறி மனிதர் முன்னால் பொட்டு வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அவர் உயிரோடு இருந்தால், இருக்கிறார் என்று நினைக்க உலகத்தில் ஒரு குசினிதான் மிச்சம்.

சனிக்கிழமை ரெக்ஸ் செவ்விளநீர் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். கிளப்பில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் ஐம்பத்தொன்பதில் பிறந்திருக்கவே மாட்டார்கள். கதிரையை உள்ளே தள்ளியதும் காற்சட்டையைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். ரெக்ஸ் தொப்பியைக் கழற்றி வீசுவது போலப் பாவனை செய்தார். அந்த ஒரு கணம், சுவரில் தொங்கிய படத்திலிருந்து ஆள் இறங்கி வந்த மாதிரித்தான் இருந்தது. கிளப் தலைவர் பேசினார். திரை விலகியது. மைக்கை ரெக்ஸின் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்கள்.

"நன்றி," என்றார் ரெக்ஸ். "அந்தக் கோப்பை என்னுடையது அல்ல. நீல் பர்க்குடையது."

எல்லாரும் சிரித்தார்கள்.

"பதினேழாவது குழியில் என் பந்தை மிக் காலால் தள்ளினான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர் விசிலடித்தார். டெக்னிக்கலர் ரெக்ஸ் கடைசிவரை டெக்னிக்கலர்தான் என்று யாரோ சொன்னார்கள். ரெக்ஸ் சிரிக்கவில்லை. "நான் பகிடி விடவில்லை," என்றார். குரல் உடைந்தது. அந்தப் பெயர்ப்பலகையை எடுத்துவிடுங்கள் என்றார். சிரிப்பு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. சனம் தட்டைப் பார்த்தது, நிலத்தைப் பார்த்தது. தலைவர் நல்ல மனிதர். மைக்கை மெல்ல விலக்கி, ரெக்ஸின் தோளில் கைவைத்து, யோகாவைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்: "களைத்துவிட்டார், இல்லையா?"

அறுபது பேரும் யோகாவைப் பார்த்தார்கள். ரெக்ஸும் பார்த்தார். அவள் சொல்லவேண்டியதை மூன்று நாளாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்திருந்தாள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டதும் அதெல்லாம் எங்கேயோ போயிற்று.

"யெஸ்," என்றாள்.

பிறகு அவரை வெளியே புற்றரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மட்டையைக் கையில் கொடுத்தார்கள். ரெக்ஸ் எதிர்க்கவில்லை. தட்டினார். பந்து நேராகத்தான் போனது. குழிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. தலைவர் சிரித்துக்கொண்டே குனிவது போலக் குனிந்து, பளபளவென்ற சப்பாத்தின் நுனியால் அதை உள்ளே தட்டிவிட்டார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

திரும்பி வருகிற டாக்சியில் யோகா "சொறி" என்று மன்னிப்புக் கேட்டாள். இரண்டாம் தரமும் சொன்னாள். அறைக்கு வந்து, இடப்பக்கம் உருட்டி, வலப்பக்கம் உருட்டிக் காற்சட்டையைக் கழற்றி, மடித்து அலமாரியில் வைத்தபோதுதான் வாய் திறந்தார்.

"நான் களைத்திருந்தேனா?"

"இல்லை, மிஸ்டர் ரெக்ஸ்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கதவடியில் நின்று அந்த முதுகைப் பார்த்தாள். செத்திட்டார் எண்டு சொல்லு என்று கலா அக்கா சொன்ன குரல் கேட்டது. இவரையும் உயிரோடு வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று நினைத்தாள்.

தாதியர் அறையில் கணினி இருந்தது. ஒவ்வொரு வேளையும் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதவேண்டும். சாப்பிட்டாரா, மலம் போனதா, தோலில் புண் உண்டா. யோகா வழக்கமாக இரண்டு வரி எழுதுவாள். அன்று உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். நேரம் 2.10. இன்று என்ன நாள், எந்த இடம், அருகில் இருப்பவர் யார் எல்லாம் அவருக்குத் தெரியும். முழுத் தெளிவோடு இருக்கிறார். களைப்பு இல்லை. களைப்பு என்று கிளப்பில் நான் சொன்னது பொய். ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கோப்பையைப் பற்றி அவர் சொன்னது பின்வருமாறு. பதினேழாவது குழி, மிக், நீல் பர்க், எல்லாவற்றையும் எழுதினாள்.

பொறுப்புத் தாதி ஹரிப்பிரியா, மதுரைப் பெண், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, என்ன எழுதறீங்க? இதெல்லாம் நோட்ஸ்ல போடக்கூடாது. ஜூலி பார்த்தா பிரச்சினை ஆயிடும். உங்க மேலயே நீங்க எழுதி வச்சிருக்கீங்க!"

"ஒருக்கா சேவ் பண்ணினா அழிக்கேலாதுதானே, பிரியா?"

"அழிக்க முடியாது. அதான் சொல்றேன்."

"அப்ப சரி," என்றாள் யோகா. கீழே முழுப் பெயரையும் அடித்து, பொத்தானை அமுக்கினாள்.

ஞாயிறு அவளுக்கு ஓய்வுநாள். திங்கள் காலை ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வெளியே ஒரு ரயில் போயிற்று, பிறகு இன்னொன்று போயிற்று. துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

அவள் வழக்கத்தைவிடப் பிந்திப் போய்ச் சேர்ந்தபோது ரெக்ஸ் ஏற்கனவே நடைபாதையில் இருந்தார். யாரோ அவருக்கு இல்லத்தின் சலவைக் கூடையிலிருந்து சாம்பல்நிறத் தொளதொளக் காற்சட்டை ஒன்றைப் போட்டுவிட்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். ஹரிப்பிரியா மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், யோகாவைக் கண்டு நின்றாள்.

"அக்கா, பத்து மணிக்கு ஜூலி உங்கள வரச் சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நெத்தியில... உங்க வீட்டுக்காரர் தவறிட்டாருன்னு..."

"அப்பிடித்தான் எழுதிக் குடுத்தனான்," என்றாள் யோகா. "ஆள் காணேல்லை, பிரியா. பேர் தயாபரன்."

ஹரிப்பிரியா வண்டிப் பிடியை விட்டாள். "எப்போக்கா காணாம போனாரு?" என்று கேட்டாள். பதினான்கு வருடத்தில் முதல் கேள்வி. யோகா, பிறகு சொல்கிறேன் என்று கையால் காட்டிவிட்டு ரெக்ஸிடம் போனாள்.

அவர் அவளைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றார். நிறம் அவரை விடவில்லை.

"சிவப்பு," என்றார். "இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாய்?"

"வீட்டில்." அவள் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள். "நான் எழுதிவிட்டேன், மிஸ்டர் ரெக்ஸ். கணினியில். அழிக்கமுடியாது."

"நேரம் போட்டாயா?"

"இரண்டு பத்து."

"கையெழுத்து?"

"என்னுடைய முழுப் பெயர்."

அவர் சாம்பல் காற்சட்டையின் முழங்காலைத் தடவினார். "எத்தனை பேர் வாசிப்பார்கள்?"

"தெரியாது. ஜூலி வாசித்துவிட்டார். பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்."

"மட்டையை எடு," என்றார் ரெக்ஸ்.

யோகா பிளாஸ்டிக் கோப்பையைக் கம்பளத்தில் சாய்த்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு ஐந்து நிமிடம். அவர் பக்கவாட்டில் குனிந்தார். தட்டினார். பந்து சுவரோரம் போய்விடும் போலிருந்து, மனம் மாறியது போல நடுவுக்கு வந்து, வேகம் குறைந்து, கோப்பைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ரெக்ஸ் தலையைத் திருப்பவில்லை. நடைபாதையின் அந்தக் கோடியில் ஜூலியின் அறைக் கதவு திறந்து, யோகாவின் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டது. யோகா இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பந்தைப் பார்த்தபடி, அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.